அப்புறப்படுத்தல்

வேண்டாத பொருளை இல்லாமற் செய்துவிட்டோம் என்னும் கருத்தில் "அப்புறப்படுத்தல்" என்ற சொல்லை நாம் நாள்தோறும் வழங்கி வருகிறோம். சொல்லைச் சற்றே பிரித்து நோக்கின், அஃது அழித்தலன்று. நம் புறத்தினின்றும் அந்தப் புறத்திற்குத் தள்ளுதலேயாம். அந்தப் புறத்தில் வாழ்வோர் யார் என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த கேள்வி.

பீனால் என்னும் பொருள் நம்மவர்க்குப் புதிதன்று. 1865இல் கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர் என்னும் வைத்தியர், கார்பாலிக் அமிலம் என்ற பெயரால் இதனைக் கொண்டே ரணங்கள் சீழ்ப்பிடியாமற் காத்தார். கிருமியைக் கொல்லும் அதே குணமே ஆற்றில் விழுந்தால் மீனையும் கொல்கிறது. ரப்பர் தொழிலிலும் இதன் உறவினர் புகுந்தனர். பால் கெடாதிருக்க அம்மோனியாவுடன் சோடியம் பென்டாகுளோரோபீனேட் சேர்க்கும் வழக்கம் இருந்தது. ஷீட்டில் பூஞ்சணம் பிடியாதிருக்கப் பாராநைட்ரோபீனால் ஆளப்பட்டது. முன்னதை 2015இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை விலக்குப் பட்டியலிற் சேர்த்தது.

நிற்க. இந்நஞ்சை நீரினின்றும் நீக்க வழிகள் பலவுண்டு. பதப்படுத்திய சிரட்டைக் கரியினூடே நீரைச் செலுத்தினால், கரி நஞ்சைப் பற்றிக்கொள்ளும். நீர் தெளியும், நஞ்சோ கரியிற் குடியிருக்கும். அக்கரியைப் பின்புறத்துப் பள்ளத்திற் கொட்டிவிட்டு, "நீக்கிவிட்டோம்" என்பாருமுண்டு!

ஹைட்ரஜன் பெராக்ஸைடும் இரும்பு உப்பும் சேர்ந்து செய்யும் வினையை 1894இல் பென்டன் என்னும் ஆங்கில ரஸாயனி வெளியிட்டார். அம்முறையை முற்றச் செய்தால் பீனால் நீரும் கரியமில வாயுவுமாய்ப் பிரியும். செலவுக்கு அஞ்சிப் பாதியில் நிறுத்தினாலோ, பென்சோகுவினோன் போன்ற, பீனாலினும் கொடிய பொருள்கள் எஞ்சும். சோதனைத் தாளில் பீனால் குறைந்திருக்கும். நீர் முன்னினும் கேடாயிருக்கும். பீனாலையே உணவாகக் கொள்ளும் நுண்ணுயிர்களும் உண்டு. சிறிது சிறிதாய்ப் பழக்கினால் அவை அதனைத் தின்றே தீர்க்கும். ஆயின் ஒரே நாளில் அளவுக்கு மிஞ்சி ஊற்றினால் மாண்டுபோம். காற்றூட்டிப் பேண நாள்தோறும் ஆள் வேண்டும். ஆளுக்குச் சம்பளம் வேண்டும். தொல்லை அங்கேதான்.

சட்டம் யாது கூறுகிறது? மலேசியாவின் 2009ஆம் ஆண்டுத் தொழிற்சாலைக் கழிவுநீர் விதிகளின்படி, குடிநீர் எடுக்குமிடத்திற்கு மேலே விடும் நீரில் லிட்டருக்கு 0.001 மில்லிகிராம் பீனாலே இருக்கலாம்; மற்ற இடங்களில் 1.0 மில்லிகிராம். ஆயிரம் மடங்கு வேற்றுமை! குளோரினுடன் கலந்தால் அற்பப் பீனாலும் குடிநீருக்குச் சகிக்கவொண்ணாத சுவையைத் தருமாதலின், இதற்கு நியாயமுண்டு. ஆயினும் குழாய்க்குக் கீழே வலை வீசுவோனும், அம்மீனை வாங்கிக் குழம்பு வைப்போளும் எந்தக் கணக்கிற் சேர்ந்தவர்? நம் கெடாவில் ஓடிவரும் மூடா ஆற்று நீரே பினாங்கு மக்கள் குடிக்கும் நீரிற் பெரும்பகுதி. மேட்டில் இருப்போர்க்கு அப்புறம் என்பது கீழே இருப்போர்க்கு முற்றமாகும். ஜொகூரில், 2019 மார்ச்சில், கிம் கிம் ஆற்றில் ரஸாயனக் கழிவு கொட்டப்பட்டு, பாசிர் கூடாங்கின் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை நாடினர். கொட்டியவர்க்கு அவ்வாறும் ஓர் அப்புறந்தான்.

"இதற்கும் கிராணிக்கும் என்ன சம்பந்தம்?" என்று எம் வகுப்பார் வினவக்கூடும். கழிவின் அளவையும் செலவையும் தேதியையும் எழுதும் பேனா எம்முடையதன்றோ? 2005ஆம் ஆண்டு விதிகள், அபாயக் கழிவைத் தந்தவர், ஏற்றிச் சென்றவர், பெற்றவர் ஆகிய மூவரையும் பதியச் சொல்கின்றன; நஞ்சேறிய கரியும் அப்பட்டியலில் உண்டு. ஆகவே, "அப்புறப்படுத்தியது" என்று ஒரு வரியில் முடிப்பதற்கு முன், எந்த லாரியில், எவ்விடத்திற்கு, யார் கையில் என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனமன்று, கணக்கன் தொழிலே. பதில் வருமளவும் அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டு வைக்கலாம். தணிக்கைக்கு வருவோர் கண்ணில் நிரம்பிய கட்டத்தைவிட வெறுங்கட்டமே முதலிற் படும்.