மீதிப் பாட்டு எங்கே?



ஒரு கேள்வியோடு தொடங்கலாமா?

உங்கள் வீட்டில் ஒருவர் தினமும் ஏதோ ஒரு பாட்டைப் பாடிக் கொண்டே வேலை செய்கிறார். இருபது வருடங்களாக அது உங்கள் காதில் விழுகிறது. ஆனால், நீங்கள் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. அவர் காலமான பிறகு, எங்கேயோ ஒரு கோயிலில் அதே பாட்டைக் கேட்டு உருகிப் போகிறீர்கள். இப்படிக் காலம் தாழ்ந்து வரும் உருக்கத்துக்கு மதிப்பு உண்டா? தாமதமாக வந்த பக்தியை இறைவன் ஏற்றுக் கொள்வானா?

யாரோ எழுதிக் கேட்ட கேள்வி அல்ல இது. என்னுடைய கேள்விதான்.

என் மாமியாருக்குத் திருப்புகழ் என்றால் உயிர். புத்தகத்தை விரித்து வைத்துக் கொண்டு பாடும் வழக்கம் இல்லை. கோலம் போடும்போது, பூத் தொடுக்கும்போது, ஆட்டுக்கல்லில் மாவு அரைக்கும்போது தானாக வரும். குழவி சுற்றுகிற கதியும் பாட்டின் சந்தமும் ஒன்றாகவே இருக்கும். நானோ, அன்றைய சமையல், பால் கணக்கு, பள்ளிக்கூட வேன் என்று ஓடிக் கொண்டிருந்தேன். பாட்டு, வீட்டில் மின்விசிறி ஓடும் சத்தம் போல ஆகிவிட்டது.

என் மகனுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை வந்தது. ‘‘அம்மா, கொஞ்சம் மெதுவாப் பாடுங்களேன். அவன் படிக்கிறான்’’ என்றேன். அவர் கோபித்துக் கொள்ளவில்லை. குரலைத் தணித்துக் கொண்டார். சில நாட்களில் உதடு மட்டும்தான் அசைந்தது. பரீட்சை முடிந்தது. பாட்டு திரும்பி வரவில்லை. வரவில்லையே என்று எனக்குத் தோன்றக்கூட இல்லை!

2009-ல் அவர் காலமானார். அதற்குப் பல வருடங்கள் கழித்து, ஓர் ஆடிக் கிருத்திகை அன்று எங்கள் பகுதி முருகன் கோயிலில் பெண்கள் சிலர் உட்கார்ந்து திருப்புகழ் பாடினார்கள். நடுவில் ஒரு பழநித் திருப்புகழ். முதல் அடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆட்டுக்கல் பாட்டு! ஆனால், மெட்டு வேறு. மாமியார் பாடும்போது கடைசி அடியில் குரல் ஒரு சுற்றுச் சுற்றி மெல்ல இறங்கும். அந்த இறக்கம் இதில் இல்லை. எப்படி இறங்கும் என்று நினைத்துப் பார்த்தேன். பிடிபடவில்லை. சந்நிதியில் நின்று அழுதேன்.

‘‘எல்லாத்துக்கும் ஒரு நேரம் வரணும். இப்பத்தான் முருகன் உன்னைக் கூப்பிட்டிருக்கான்’’ என்று தோழி ஒருத்தி ஆறுதல் சொன்னாள். நல்ல வார்த்தைதான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. முருகன் அதற்கு முன்பும் இருபது வருடங்கள் என் வீட்டு அடுக்களையிலேயே கூப்பிட்டுக் கொண்டிருந்தானே!

இந்த உறுத்தலோடு நம் பெரியவர்களின் வாழ்க்கையைப் புரட்டியபோதுதான் ஒன்று புரிந்தது. நம் பக்தி இசையில் பெரும்பகுதி, இப்படித் தாமதமாகக் கேட்டவர்களால் நமக்குக் கிடைத்ததுதான்!

நாதமுனிகள் கேட்ட கேள்வி

வைணவப் பெரியோர் சொல்லும் வரலாறு உங்களுக்குத் தெரிந்திருக்கும். காட்டுமன்னார்கோயிலில் நாதமுனிகள் இருந்த காலத்தில் ஆழ்வார்களின் பாசுரங்கள் வழக்கொழிந்து போயிருந்தன. அங்கே வந்த யாத்ரீகர்கள் சிலர், குடந்தை ஆராவமுதனைப் பற்றி நம்மாழ்வார் பாடிய பத்துப் பாசுரங்களைப் பாடினார்கள். நிறைவுப் பாசுரத்தில், இது ஆயிரத்தில் ஒரு பத்து என்ற குறிப்பு வந்தது. நாதமுனிகள் உடனே, ‘மீதி எங்கே?’ என்று கேட்டார். அவர்களுக்குத் தெரியவில்லை. அவர் தேடிப் புறப்பட்டார். ஆழ்வார்திருநகரி சென்று, மதுரகவியாழ்வாரின் ‘கண்ணிநுண் சிறுத்தாம்பு’ பதிகத்தைப் பன்னீராயிரம் முறை ஜபித்து, நம்மாழ்வார் அருளால் நாலாயிரத்தையும் பெற்றார் என்பது மரபு.

பத்துப் பாட்டைக் கேட்டு, ‘ஆஹா, இனிமை!’ என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போயிருந்தால்..?

திருப்புகழும் அப்படித்தான். அருணகிரிநாதர் 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். பாடியவை பதினாறாயிரம் என்பார்கள். அவை ஊர் ஊராகச் சிதறிக் கிடந்தன. 1871-ல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. தில்லை தீட்சிதர்கள் தங்கள் பெருமைக்குச் சான்றாக ஒரு திருப்புகழ்ப் பாடலை எடுத்துக் காட்டினார்கள். அங்கே பணியில் இருந்த வடக்குப்பட்டு த.சுப்பிரமணிய பிள்ளையின் நெஞ்சில் அந்தப் பாட்டு தைத்துவிட்டது. பிற்காலத்தில் மாவட்ட முன்சீப் ஆனவர் அவர். இப்படி இன்னும் எத்தனை பாடல்கள் இருக்கும் என்று ஏடு ஏடாகத் தேடத் தொடங்கினார். 1894-ல் முதல் பாகத்தை அச்சேற்றினார். இன்று நம் கையில் இருக்கும் ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் பாடல்களுக்கு அந்தத் தேடலே அடித்தளம். கோர்ட்டில் சாட்சி சொல்ல வந்த பாட்டு, ஒரு மனிதரையே ஆட்கொண்டுவிட்டது, பாருங்கள்!

இன்னொருவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் (1870-1950). பூர்வாசிரமத்தில் மைசூர் அரண்மனையில் சமையல் பணி செய்தவர். தீராத வயிற்று வலி வந்து பழநியாண்டவனிடம் அடைக்கலமானார். அப்போது நாற்பது வயதை நெருங்கிக் கொண்டிருந்தார். அங்கே ஒரு நடன மாது திருப்புகழ் பாடி ஆடியதைக் கேட்டு அப்படியே உருகிப் போனாராம். தமிழ் எழுத்துப் பழக்கம் இல்லாதவர், அதற்குப் பிறகு எழுத்துக் கற்றுக் கொண்டார் என்பார்கள். ‘எனக்கு இனி எதற்கு?’ என்று அவர் நினைக்கவில்லை. டிசம்பர் 31 நள்ளிரவில் திருத்தணிகையில், படிக்கொரு திருப்புகழ் பாடி ஏறும் படித் திருவிழாவைத் தொடங்கி வைத்தவர் அவர்தான். நமக்கு அது எத்தனை பெரிய கொடை!

செல்லரித்தது செல்லரித்ததுதான்

ஆனால் சகோதரிகளே, இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதி உண்மையைத்தான் சொன்னவளாவேன். தேடினால் எல்லாமே கிடைத்துவிடுமா?

தேவாரத்தின் கதையை நினைத்துப் பாருங்கள். ராஜராஜ சோழரும் நம்பியாண்டார் நம்பியும் தில்லையில் ஓர் அறையைத் திறந்தபோது, ஏடுகளைக் கறையான் புற்று மூடியிருந்தது. எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்து எடுத்தார்கள். மிஞ்சியது கொஞ்சம்தான். சம்பந்தர் பதினாறாயிரம் பதிகங்கள் பாடினார் என்று மரபு கணக்குச் சொல்கிறது. இன்று மூவருடையதையும் சேர்த்தே ஏறத்தாழ 800 பதிகங்கள்தான் இருக்கின்றன. இந்தக் காலத்துக்கு வேண்டியதை வைத்திருக்கிறோம் என்று அசரீரி எழுந்து மன்னரைத் தேற்றியதாம். தேற்றுகிற அளவுக்கு அவர் துயரப்பட்டிருக்கிறார் என்றுதானே அர்த்தம்?

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஏட்டில் சொல் இருந்தது, பண் இல்லை. எப்படிப் பாடுவது? திருஎருக்கத்தம்புலியூரில், சம்பந்தரோடு யாழ் வாசித்துச் சென்ற திருநீலகண்ட யாழ்ப்பாணரின் மரபில் வந்த ஒரு பெண் இருந்தாள். அவளைத் தில்லைக்கு அழைத்து வந்து, அவளைக் கொண்டே பதிகங்களுக்குப் பண் வகுத்தார்கள் என்கிறது திருமுறை கண்ட புராணம். அவள் பெயரை அந்நூல் சொல்லவில்லை. ஆனால், அந்தப் பெயர் தெரியாத பெண்ணின் தொண்டையில் இருந்துதான் தேவார இசை மறுபடி பிறந்தது! பிறகு ராஜராஜர் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரையும், வாத்தியத்துக்கு இருவரையும் நியமித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. ஒருமுறை தொலைத்தவருக்குத்தானே காக்கத் தெரியும்!

சில நேரம் சுவரும் காப்பாற்றித் தரும். திருவாரூர் மாவட்டம் திருவிடைவாய்த் தலத்துக்குரிய சம்பந்தர் பதிகம் எந்த ஏட்டிலும் இல்லை. அந்தக் கோயில் கல்வெட்டில் இருந்து 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கிடைத்தது. அத்தனை நூற்றாண்டுகளும் அந்தப் பாட்டு அதே சுவரில்தான் இருந்தது. எத்தனை பேர் அதன் மேல் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள்!

அறியாமல் விட்டதும் தள்ளி விட்டதும்

நாதமுனிகளோடும் வள்ளிமலை சுவாமிகளோடும் என்னை ஒப்பிட்டு ஆறுதல் தேடிக்கொள்ள முடியாது. அவர்கள் பாட்டு இருப்பதையே அறியாமல் இருந்தவர்கள். நான் அறிந்தும் தள்ளியவள். எனக்குத் துணை யார்?

யோசித்துப் பார்த்தேன். திருநாவுக்கரசர்தான்.

அவருக்காகவே உயிர் தரித்த அக்கா திலகவதியார். மணம் பேசிய கலிப்பகையார் போரில் மடிந்த பிறகும், தம்பிக்காக வாழ்ந்தவர். அந்தத் தம்பியோ வீட்டு வழிபாட்டை விட்டுச் சமணப் பள்ளிக்குப் போய், தருமசேனராகப் புகழ் பெற்றுவிட்டார். திலகவதியார் சண்டை போடவில்லை. திருவதிகைக் கோயிலில் விடியுமுன் அலகிட்டு, சாணம் தெளித்து மெழுகி, மாலை கட்டிச் சாற்றி, தம்பிக்காக வேண்டிக் காத்திருந்தார். சூலை நோய் வந்து ஓர் இரவில் தம்பி வாசலில் நின்றபோது, ‘இத்தனை நாள் எங்கே போனாய்?’ என்று கேட்கவில்லை. திருநீறு கொடுத்து, சந்நிதிக்கு அழைத்துப் போனார். தேவாரம் பிறந்தது.

அப்பர் பெருமானின் பாடல்களில், வீணாய்க் கழிந்த நாட்களை எண்ணும் ஏக்கம் திரும்பத் திரும்ப வரும். அவர் அதை மறைக்கவில்லை. ஆனால், அந்த ஏக்கத்திலேயே உட்கார்ந்துவிடவும் இல்லை. உழவாரத்தை எடுத்துக் கொண்டு ஊர் ஊராக நடந்தார். முதுமை வரை பாடினார்.

என் கேள்விக்கு இங்கேதான் பதில் கிடைத்தது. தாமதமாக வந்த அன்பும் அன்புதான். ஆனால், கண்ணீரோடு நின்றுவிட்டால் அது நம்மை நாமே சமாதானப்படுத்திக் கொள்வது மட்டும்தான். ‘மீதி எங்கே?’ என்று கேட்டு எழுந்து நடந்தால்தான் அது பக்தி. இறைவன் காத்திருப்பான், திலகவதியாரைப் போல. மனிதர்களால் அப்படிக் காத்திருக்க முடியாது. என் மாமியாரிடம் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பு போயே போய்விட்டது. எத்தனை திருப்புகழ் பாடினாலும் அது திரும்பாது. இதையும் ஒப்புக் கொள்ளத்தான் வேண்டும்.

மாமியாரின் பழைய நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். பாட்டு அவர் கையெழுத்தில் இருந்தது. ஆனால், மெட்டு? மயிலாடுதுறையில் அவருடைய தங்கை இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். போய் நின்றேன். ‘‘சித்தி, அம்மா அரைக்கும்போது பாடுவாங்களே, அது எப்படி?’’ என்று கேட்டேன். வெகுநேரம் என்னையே பார்த்தார். ‘‘இதை யாராவது கேட்பாங்களான்னு இருந்தேன்மா’’ என்றார். நடுங்கும் குரலில் பாடினார். அந்த இறக்கம் வந்தது! ஆனால், நடுவில் இரண்டு அடிகளுக்கு மெட்டு அவருக்கும் நினைவில்லை.

இப்போது கிருத்திகைதோறும் அதைத்தான் பாடுகிறேன். அந்த இரண்டு அடிகளை மட்டும் வசனம் போலச் சொல்லிவிட்டுக் கடப்பேன். ‘‘ஏன் பாட்டி அங்க மட்டும் பாட மாட்டேங்கிறே?’’ என்று பேத்தி கேட்டாள். ‘‘அங்கே செல்லரிச்சுப் போச்சு கண்ணு. உன் கொள்ளுப்பாட்டி பாடினப்போ நான் காது கொடுக்கல’’ என்றேன். குழந்தையிடம் உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம்?

சகோதரிகளே! கௌரி கல்யாணம், ஊஞ்சல் பாட்டு, நலங்கு, லாலி, அம்மன் தாலாட்டு என்று எத்தனையோ பாட்டுகளின் சொற்கள் கடைப் புத்தகத்தில் கிடைக்கும். உங்கள் குடும்பத்து மெட்டு, அதைப் பாடியவர்களின் தொண்டையில் மட்டும்தான் இருக்கும். அம்மா, மாமியார், அத்தை, பெரியம்மா என்று யார் இருக்கிறார்களோ, வருகிற வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். ‘‘நீங்க பாடுவீங்களே, அந்தப் பாட்டைச் சொல்லிக் கொடுங்க’’ என்று கேளுங்கள். செல்போனில் பதிவு செய்து கொள்ளுங்கள். அதோடு நில்லாமல், கூடவே பாடிப் பழகுங்கள். குரல் பிசிறினாலும் தாளம் தப்பினாலும் பரவாயில்லை.

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால்..? பக்கத்து அறையில் படிக்கட்டும். பாட்டியின் பாட்டு அவன் காதிலும் கொஞ்சம் விழட்டும்!