சிறிய குற்றத்தை ஜூரியிடம் சொல்லாமல் விடலாமா?

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு வீட்டிலிருந்து 40 ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடினால் தூக்குத் தண்டனை உண்டு. மதிப்பு அதற்குக் குறைந்தால் உயிர் பிழைக்கும். அதனால் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்ற ஜூரிகள், பொருளின் உண்மை விலை தெரிந்தே, 39 ஷில்லிங் என்று தீர்ப்பளித்தார்கள். எடுத்த சத்தியத்தை மீறியாவது ஓர் உயிரைக் காத்த அவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை. ஆனால் நல்ல மனிதர்களைப் பொய் சொல்லவைக்கும் வழக்குமுறையைக் குறைசொல்லத்தான் வேண்டும்.

அந்த நெருக்கடி இன்றைய அமெரிக்க ஜூரிக்கும் நேர்கிறது. கொள்ளை என்பது திருட்டோடு பலாத்காரமோ மிரட்டலோ சேர்ந்தது. பொருளை எடுத்தது உறுதி, மிரட்டியதுதான் சந்தேகம் என்று ஜூரி நினைக்கலாம். 'வெறும் திருட்டு என்றும் தீர்ப்பளிக்கலாம்' என்று நீதிபதி சொல்லாவிட்டால், திருடியவரை முழுதாக விடுவிக்க வேண்டும்; இல்லையேல் சந்தேகத்தை விழுங்கிவிட்டுக் கொள்ளைக்காரர் என்று சொல்ல வேண்டும். இரண்டுமே அவர்கள் நம்பாதவை. ஏதோ குற்றம் செய்தவர் என்று தெரிந்தால் மனம் தண்டனைப் பக்கமே சாயும் என்ற ஆபத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973-லேயே சுட்டிக்காட்டியது. தண்டனை வித்தியாசமோ பெரிது: உதாரணமாக, கலிபோர்னியாவில் சிறு திருட்டுக்கு அதிகபட்சம் ஆறு மாதச் சிறை. சாதாரணக் கொள்ளைக்கோ ஐந்து ஆண்டு வரை.

இருந்தும் அதே நீதிமன்றம் 2000-இல் வேறு பக்கம் போனது. நியூஜெர்சி வங்கியொன்றில் முகமூடியோடு கவுன்டரைத் தாண்டிக் குதித்து ஏறக்குறைய 16,000 டாலரை எடுத்தவர், தாம் பலாத்காரம் செய்யவில்லை, திருட்டைப் பற்றியும் ஜூரிக்குச் சொல்லுங்கள் என்று கேட்டார். திருடும் நோக்கம், பொருளை அப்புறப்படுத்தல், 1,000 டாலருக்கு மேற்பட்ட மதிப்பு ஆகிய மூன்றும் வங்கித் திருட்டுப் பிரிவில் உண்டு, வங்கிக் கொள்ளைப் பிரிவில் இல்லை. ஆகவே ஒன்று மற்றொன்றில் அடங்காது என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மறுத்தார்கள். இப்படிக் கூறுகளை ஒப்பிடும் விதிக்கு நியாயமான காரணம் உண்டு: குற்றப்பத்திரிகையில் இல்லாத குற்றத்துக்கு ஒருவர் எதிர்பாராமல் தண்டிக்கப்படக் கூடாது. இங்கே சிறு குற்றத்தையும் சொல்லும்படி கேட்டதே குற்றம்சாட்டப்பட்டவர்தான். அவருக்கான பாதுகாப்பையே அவருக்கு எதிரான தடையாக்கியது சரியல்ல. அப்படிக் கேட்க இரு தரப்புக்கும் சம உரிமை வேண்டும் என்பார்கள். சிறைக்குப் போகப்போவது ஒரு தரப்பு மட்டுமே.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. கருத்து வேறுபட்ட ஜூரிகள் வாதாடிக் களைத்து, நடுவில் கிடைத்த சிறு குற்றத்தில் சமரசம் செய்துகொள்ளலாம். நிரபராதியும் அதில் சிக்கலாம். இந்தப் பயம் பொய்யல்ல. ஆகவேதான் பெருங்குற்றத்தை விலக்கிச் சிறு குற்றத்தை மட்டும் ஏற்கச் சாட்சியத்தில் இடமிருந்தால்தான் நீதிபதி அதை ஜூரியிடம் சொல்கிறார். கலிபோர்னியாவில் ஜூரிகள் எந்த வரிசையிலும் விவாதிக்கலாம். ஆனால் பெருங்குற்றத்திலிருந்து ஒருமனதாக விடுவித்த பிறகே சிறு குற்றத் தீர்ப்பைச் சொல்ல முடியும். அங்கே இரு தரப்பும் கேட்காவிட்டாலும், வேண்டாமென்றாலும்கூட, சாட்சியம் இருந்தால் நீதிபதி சொல்லியாக வேண்டும். முழு விடுதலையை நம்பிப் பணயம் வைக்கும் ஒருவரின் உரிமையை இது பறிக்கிறது என்பது உண்மையே. அந்த இழப்பை ஏற்கலாம். திருட்டாவது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமானால் மட்டுமே அவருக்குத் தண்டனை வருகிறது. பொருளைப் பறிகொடுத்தவருக்கும் நடந்தது திருட்டுதான் என்று கேட்க உரிமை இருக்கிறது.