மருந்துத் தொட்டியும் மக்களும்

நன்மையான ஒன்றை மக்கள்மீது வலிந்து சுமத்தலாமா? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் பெரும்பாலும் தத்துவ நூல்களையே புரட்டுவர். நாம் ஒரு மாட்டுண்ணியிடமிருந்து தொடங்குவோம்.

இன்று சிம்பாப்வே என வழங்கும் தென் றொடீசியாவுள், 1901ஆம் ஆண்டளவில், இறக்குமதியான மாடுகளோடு கிழக்குக்கரைக் காய்ச்சல் புகுந்தது. அதனைப் பரப்புவது கபில நிறக் காதுண்ணி. எனவே ஆசனிக்கு நஞ்சு கரைத்த ஆழமான தொட்டிகளில் மாடுகளை இறக்கி நீந்தச் செய்யும் முறை வந்தது. குடியேற்ற அரசு அதனைக் கட்டாயமாக்கியது. மாடுகள் பிழைத்தன, இதனை மறுத்தற்கில்லை.

ஆனால், அத்தொட்டியைக் கட்டிய கை எத்தகையது? ஆபிரிக்கக் குடியானவனின் நல்ல நிலத்தைப் பறித்து, வளங்குன்றிய ஒதுக்கு நிலங்களுக்கு அவனைத் துரத்திய கை. அதே கை தொட்டிக்குக் கட்டணமும் கேட்டது. அவனது மாடுகளை எண்ணியது. தொகை மிகுந்ததெனக் குறைக்கவும் கட்டளையிட்டது. ஆகவே தொட்டி அவன் கண்ணுக்கு மருத்துவமாகத் தோன்றவில்லை, ஆட்சியாகவே தோன்றியது. 1970களில் விடுதலைப் போர் முற்றியபோது முழுக்கு முறை சீர்குலைந்தது. ஏறத்தாழப் பத்து இலட்சம் மாடுகள் உண்ணி பரப்பும் நோய்களால் மடிந்தன என மதிப்பிடப்படுகின்றது.

'அறியாமையின் விலை' என்பர் சிலர். 'விடுதலையின் விலை' என்பர் வேறு சிலர். இரண்டும் அவசரத் தீர்ப்புகளே. மடிந்தவற்றுட் பல ஏழை உழவனின் ஏரை இழுத்த மாடுகள். அவற்றின் சாவை வெற்றியெனக் கொள்ளல் தகாது. 1980இல் சுதந்திரம் பெற்ற நாடும் முழுக்கு முறையையே மீண்டும் நாடியது. பகை மருந்தன்று.

மற்றோர் உண்மையும் உண்டு. இளமையில் உண்ணிக்கடிக்கு ஆளாகித் தப்பும் கன்று நோயெதிர்ப்பு ஆற்றலைப் பெறுகின்றது. இடையறாது முழுக்கப்பட்ட மாடுகளுக்கோ அவ்வாற்றல் வாய்க்கவில்லை. காவல் நின்றதும் அவை கூட்டங்கூட்டமாக வீழ்ந்தன. கட்டளையால் மட்டும் காக்கப்படும் சமுதாயத்தின் கதியும் இதுவன்றோ?

வலிந்து தந்த நன்மை, தந்த ஆட்சியோடு சேர்ந்தே சரிகின்றது. ஏன், எதற்கு என விளங்கி, மக்கள் தாமே ஏற்று நடத்தும் நன்மையே நிலைக்கும். அறிவியலைக் கைவிடுதல் அறமன்று. அதனை அதிகாரத்தின் சாட்டையாக விட்டுவைத்தலும் அறமன்று. வகுப்பறையிற் பிரம்போடு நிற்கும் நாமும் இதனைச் சற்றுச் சிந்தித்தல் நன்று.