மறக்கருணையும் மதர்போர்டும்

கணக்கு எழுதும் அம்மா ஒருவர் அதே லேப்டாப்பை மூன்றாவது முறையாகக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "தம்பி, ஜிஎஸ்டி கணக்குல பாதி ஏத்தியிருப்பேன், பொட்டுன்னு அணைஞ்சிடுது." முன்பு இரண்டு முறையும் எல்லா மெக்கானிக்கும் செய்வதைத்தான் செய்திருந்தேன். விசிறித் தூசியை ஊதினேன், காய்ந்த பேஸ்டைச் சுரண்டிப் புதிதாகத் தடவினேன், விண்டோஸை மறுபடி ஏற்றினேன். காசும் வாங்கினேன்.

இந்த முறை அவரையே உட்காரவைத்து, வீட்டில் செய்வதுபோலச் செய்யச் சொன்னேன். கொஞ்சம் தட்டினார். டீ குடிக்கப் போவதுபோல மூடியை இறக்கினார், திறந்தார். அவ்வளவுதான். சூடு 70, 85, 96 என்று ஏறுகிறது, விசிறி அசையவில்லை. கடையில் நான் எப்போதும் புதிதாக ஆன் செய்தே சோதித்ததால், இது என் கண்ணில் படவே இல்லை. விசிறிக்குத் தனியாக 5 வோல்ட் கொடுத்தால் ஜம்மென்று சுற்றுகிறது. அதற்குக் கட்டளை போடுவது போர்டில் இருக்கும் குட்டி கன்ட்ரோலர் சிப். அதற்குள் எழுதி அனுப்பிய ஃபர்ம்வேர், தூங்கி எழுந்தால் விசிறியை மறந்துவிடுகிறது.

100 டிகிரியை நெருங்கும்போது பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காமல் ஏறினால் ஒரு சிக்னல் விடும், போர்டு மின்சாரத்தை வெட்டிவிடும். தெர்ம்டிரிப் என்று பெயர். விண்டோஸைக் கேட்காது, சேவ் பண்ண நேரம் தராது.

"அது உங்க மெஷினைக் காப்பாத்துதும்மா" என்றேன்.

"மெஷினைக் காப்பாத்துச்சு, சரி. என்னை யாரு காப்பாத்துறது?"

அந்த வாரம் நான் போகும் சைவ சித்தாந்த வகுப்பில் மறக்கருணை பாடம். ஈசன் ஒறுப்பதும் அன்பினால்தான், பெற்றவர்கள் பிள்ளையை வளாரால் அடிப்பதுபோல என்கிறது சிவஞான சித்தியார். நான் எழுந்து தெர்ம்டிரிப் கதையைச் சொல்லி, "இதுவும் மறக்கருணைதானே ஐயா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஐயா சிரிக்கவில்லை. "அடிச்ச அப்பனுக்குப் பிள்ளை அழுதது தெரியும். உங்க சிப்புக்கு அந்த அம்மா கணக்கு போனது தெரியுமா?"

உட்கார்ந்துவிட்டேன். துக்க வீட்டில் போய் "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அந்த அம்மாவிடம் நான் சொன்னது மட்டும் என்னவாம்? மறக்கருணை என்று சொல்ல அடிபட்டவருக்கு உரிமை உண்டு. ஓரத்தில் நின்று, அதுவும் பேஸ்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு, நான் சொல்லக் கூடாது.

பிராரத்தம், அதாவது இந்த உடலோடு அனுபவித்தே தீர்க்க வேண்டிய பழவினை, எனக்கு அவ்வளவு சிக்கலாக இல்லை. 2024-ல் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் மைக்ரோகோட் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டது தெரியவந்தது. திருத்தம் வந்தது, வாரண்டியையும் 2 ஆண்டு நீட்டினார்கள். ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை அந்தத் திருத்தம் தேற்றவில்லை. இனி வினை ஏறாது, ஏறியது உடலோடு கிடக்கும். வகுப்பில் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த அம்மாவின் லேப்டாப்புக்கு வந்த பயாஸ் அப்டேட்டில் கன்ட்ரோலருக்கும் திருத்தம் இருந்தது. சார்ஜர் செருகி, பேட்டரியும் ஏறியிருந்தால்தான் அது ஆரம்பிக்கும். நடுவில் மின்சாரம் அறவே நின்றால் போர்டே எழுந்திருக்காமல் போகலாம். யுபிஎஸ்ஸில் மாட்டிவிட்டு, அது முடியும்வரை நானும் அவரும் பேசவில்லை.

முந்தின இரண்டு பில்லின் காசையும் திருப்பிக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். போன கணக்கை என் கடையிலேயே முதலிலிருந்து தட்ட ஆரம்பித்தார். டீ வந்தது. பழக்கத்தில் மூடியை இறக்கப் போனவர், கையை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"மூடுங்கம்மா" என்றேன்.

சேவ் பண்ணிவிட்டு மூடினார்.