அழிக்கும் முன் திறந்து பாருங்கள்

பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே சேமிப்பாக்கும் ரெய்டு முறையை 1988-இல் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் ஆய்வுக்கட்டுரையாக எழுதினார்கள். ரெய்டு 5-இல் ஒரு டிஸ்க் பழுதானாலும் தரவு பிழைக்கும். ரெய்டு 6-இல் இரண்டு போனாலும் பிழைக்கும். ஆனால் கைதவறி அழித்த கோப்பை எந்த ரெய்டும் மீட்டுத் தராது.

ஆகவேதான் பழைய சர்வரின் டிஸ்க் வரிசையை மாற்றியமைக்கும் முன் தரவை வேறிடத்துக்கு நகலெடுக்கிறோம். நகல் முடிந்தது என்று திரை சொன்னதுமே பழையதை அழித்துவிடாதீர்கள். இரு பக்கமும் செக்சம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். டேட்டாபேஸை வேறொரு கணினியில் ஏற்றி, பல வருடங்களுக்கு முந்தைய பில் ஒன்றைத் தேடி எடுங்கள். கோப்புகளின் தேதிகளும் பயனர் அனுமதிகளும் கூடவே வந்துவிட்டனவா என்று சரிபாருங்கள். ஒரு நாள் கூடுதலாகப் பிடித்தாலும் பரவாயில்லை.

அந்த டிஸ்க்குகளில் இருப்பது யாரோ ஒருவரின் சம்பளக் கணக்கு, இன்னொருவரின் மருத்துவக் குறிப்பு, ஒரு மாணவியின் மதிப்பெண் பட்டியல். அவர்களுக்கு நம் பெயர்கூடத் தெரியாது. ஆனாலும் நம் பொறுப்பை நம்பித்தான் இருக்கிறார்கள்.

மீட்டுப் பார்த்துச் சோதிக்காத நகலை, நகல் என்று எண்ணாதீர்கள்.