யார் சோற்றுக்கு யார் கடன்?

2020-இல் நெட்பிளிக்ஸில் வந்த ‘பார்பேரியன்ஸ்’ என்னும் ஜெர்மன் தொடரைப் பார்த்துவிட்டு ஒரு மாணவத் தோழர் கேட்டார்: “அர்மீனியஸ் செஞ்சது துரோகந்தானே தோழர்?”

கி.பி. 9-இல் ரோமானியத் தளபதி வாருஸின் மூன்று படையணிகளை டியூட்டோபர்க் காட்டுக்குள் சிக்கவைத்து அழித்தவன் அர்மீனியஸ். ஜெர்மானியக் குடித்தலைவன் மகன். ரோமக் குடியுரிமை பெற்று ரோமின் படையிலேயே அதிகாரியாக இருந்தவன். தொடர் ஒருபடி மேலே போய் அவனை வாருஸ் வளர்த்த பிள்ளையாகவே ஆக்கிவிடுகிறது. வளர்த்தவனைக் கவிழ்க்கலாமா?

இதற்கென்றே தமிழில் ஒரு சொல்லை வைத்திருக்கிறார்கள்: செஞ்சோற்றுக் கடன். கர்ணனைக் காட்டிக் காட்டி நமக்கு ஊட்டிய சொல். பெரம்பலூர், அரியலூர் பக்கம் கூலியைக் கூட்டிக் கேட்டால் முதலில் வருகிற வசவு என்ன? “எஞ் சோத்தத் தின்னுட்டு என்னையே எதுத்துப் பேசுறியாடா?” படித்து வேலைக்குப் போனவனுக்கு இதே வசவு கொஞ்சம் நாசூக்காக வரும்: “சலுகையில வந்துட்டு அரசாங்கத்தையே திட்டுறாங்க.” அந்தச் சோற்றை யார் விளைவித்தது என்று கேட்கிறேன். நாத்து நட்டு, களையெடுத்து, கதிரறுத்து, அடுத்தவன் குதிரை நிரப்பியவள் யார்? விளைவித்தவளுக்கே கொஞ்சம் அளந்து போட்டுவிட்டு அதைக் கடனென்று எழுதிக்கொள்கிறார்கள். அர்மீனியஸும் அந்தத் தொடரில் சிறுவயதிலேயே பிணையாகக் கொண்டுபோகப்பட்டவன். பிணைக்கைதிக்குப் போட்ட சோறு எப்படிக் கடனாகும்?

இந்தக் கணக்கை மறுத்தவர்கள் நம் பக்கத்திலும் இருந்தார்கள். வெள்ளாற்றங்கரை ஆடுதுறை, அதற்கப்பால் விருத்தாசலம் முதலிய ஊர்களில் 1429-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. விசயநகர அதிகாரிகளும் காணியாளப் பிராமணரும் வெள்ளாளரும் சேர்ந்து வரி கேட்டுக் கசக்கியபோது வலங்கை 98, இடங்கை 98 என்று சொல்லிக்கொண்ட சாதிகள் ஒன்றாய்க் கூடின. அவர்களுக்கு அடைக்கலம் தருவதில்லை, கணக்கெழுதிக் கொடுப்பதில்லை என்று தீர்மானித்துக் கல்லில் வெட்டின. இந்த இரண்டாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. எழுதுகிற கை ஓய்ந்தால் எந்த அதிகாரி எவனிடம் போய் வரி கேட்பான்?

அதற்காக அர்மீனியஸை நம்ம ஆளு என்று தூக்கிவைத்து ஆடவும் மனசில்லை. ஜெர்மானியரிடமும் அடிமைகள் இருந்ததை டாசிட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். அரசனாக ஆசைப்பட்ட அர்மீனியஸை உறவினரே கொன்றதையும் அவர்தான் சொல்கிறார். இங்கே மட்டும் என்ன வாழ்ந்தது? ஒன்றாய்க் கூடிய வலங்கையும் இடங்கையும் காலனிய காலச் சென்னையில் எந்தத் தெரு யாருக்கு, எந்த வழியில் யார் ஊர்வலம் என்று வெட்டிக்கொண்டன. வலங்கைக்காக அந்தச் சண்டையில் இறங்கியவர்களில் பறையரும் உண்டு. எவன் போட்ட சோற்றுக்குக் கடன் தீர்க்கப் போனார்களோ!