கற்றலும் அதன் பெயர்களும்

1977ஆம் ஆண்டு பொஸ்ரன் நகரிலிருந்து ஜோன் ஹோல்ற் வெளியிடத் தொடங்கிய சிற்றிதழ், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாது வளர்க்கும் பெற்றோரை நோக்கி எழுந்ததாகும். அம்முறைக்கு அவர் சூட்டிய 'அன்ஸ்கூலிங்' என்னும் பெயர் எதிர்மறையானது. புலால் மறுத்தல் என்னும் தொடரிலும் புலால் இருக்கவே செய்கிறது. அவ்வாறே, பாடசாலையைத் துறந்த பெற்றோரும் பிள்ளை எந்த வகுப்பு மட்டத்தில் நிற்கிறான் என்று கவலையுறுவர். குளக்கரையில் தவளை முட்டைகளைப் பார்த்து நின்றவன் அன்று விஞ்ஞானம் படித்தான் எனக் குறித்துவைப்பர். பாடவேளை நீங்கியது, பாடம் நீங்கவில்லை.

சொல்லின் இவ்வாற்றலை ஹோல்ற் அறியாதவரல்லர். 1976இல் எழுதிய நூலில் 'கல்வி' என்ற சொல்லையே ஐயுற்று, 'செய்தல்' என்பதை முன்வைத்தார். நடுவயதில் செலோ இசைக்கருவியை எடுத்த அவர், வாசிக்கக் கற்பது வேறு, வாசிப்பது வேறு என்னும் பாகுபாட்டை ஏற்கவில்லை. வாசிப்பவன் வாசிக்கிறான், நாளடைவில் செம்மையாக வாசிக்கிறான், அவ்வளவே.

தமிழில் இவ்வாதம் வேறொரு தடையைச் சந்திக்கும். கற்பித்தல் என்பது கற்றலின் பிறவினை. ஈழத்து வழக்கிலுள்ள படிப்பித்தலும் அத்தகையதே. ஆசிரியரை இயக்குபவராகவும் மாணவனை இயக்கப்படுபவனாகவும் இலக்கணமே அமர்த்திவிடுகிறது. ஆயினும், "நான் படிப்பித்தேன், அவன் படிக்கவில்லை" என்று ஆசிரியர் சலித்துக்கொள்ளும்போது எவரும் அதில் முரண் காண்பதில்லை. ஆகவே மொழி சிந்தனையைச் சிறையிடுகிறது என்பது மிகைக்கூற்று. அது சிந்தனையைச் சாய்க்கிறது. சாய்வை உணர்ந்தவர் நிமிர்ந்து நிற்கவும் கூடும்.

'சுயநெறிக் கற்றல்' என்னும் தொடர் எதிர்மறையன்று. ஆதலின் மேலானதெனத் தோன்றும். ஆனால் 'சுய' என்னும் அடை பிறரை மறைக்கிறது. பிள்ளை தானே கற்றான் என்னுமிடத்து, கேள்விக்கெல்லாம் விடை சொன்ன தாய், வீட்டிலிருந்த நூல்கள், உழைக்க வேண்டாத பகற்பொழுது யாவும் கணக்கிலிருந்து விடுபடுகின்றன. இதுவே இப்பெயர்களுள் மிக ஆபத்தானது எனலாம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை பாடசாலைக்குச் செல்லாதிருப்பின் அதற்கொரு தத்துவப் பெயர் கிடைக்கிறது. தம்பியைப் பராமரிக்கவோ கூலிக்குப் போகவோ நின்றுவிட்ட பிள்ளைக்கு 'இடைவிலகியவன்' என்பதே பெயர். இவனும் சந்தையில் கணக்கும் தோட்டத்தில் பருவமும் கற்றவன்தான். அதைக் கற்றல் என்று குறித்துவைக்க எவருமில்லை. அதற்காக இவனையும் சுயநெறிக் கற்றலாளன் என அழைத்து நிறைவு கொள்வதும் தகாது, ஏனெனில் அவ்வழியை இவன் தேர்ந்தவனல்லன்.